வர்ணிப்பு பாடுகிறவருக்குக் காது செட் வாங்கிய கதை

ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பொட்டுக் குங்குமம் வைக்காமல் நான் எந்த ஊரிலும் சுவிட்சைத் தொட்டதில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. கரண்ட்டும் சாமியும் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறவை, இரண்டிடமும் பயபக்தி வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. இப்போது கடையை மகளும் மருமகனும் பார்த்துக்கொள்கிறார்கள். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பஸ் ஏறித் திருநாவலூர் போய்ச் சிவனைக் கும்பிட்டு வருவதைத் தவிர எனக்கு வெளிவேலை கிடையாது.

ஆனாலும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் நீங்கள் என்னை விடுவதில்லை. நம் வாட்ஸாப் குரூப்பில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்: பாடுகிறவர்களுக்குக் காதில் மாட்டும் வயர்லெஸ் செட், கம்மி விலையில் எது நல்லது? கம்பெனிப் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வருஷம் அந்த மாடலே கடையில் இருக்காது. அதனால் பெயரை விட்டுவிட்டு, நான் ஒருவருக்கு வாங்கித் தந்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

களமருதூரில் மலர்க்கொடி என்று ஒரு அம்மா இருக்கிறார். மாரியம்மன் வர்ணிப்பு பாடுகிறவர். அவர் வீட்டுக்காரர் தனசேகர் பம்பை அடிப்பார். ஆடி மாதம் பிறந்தால் இருவருக்கும் வீட்டில் சாப்பிட நேரமிருக்காது. வர்ணிப்பு என்றால் என்னவென்று கச்சேரி மட்டும் பார்த்த தம்பிகளுக்காகச் சொல்கிறேன். அம்மனை உச்சிமுதல் பாதம்வரை வர்ணித்து, வா தாயே வா தாயே என்று அடிமேல் அடியாக அழைக்கிற பாட்டு அது. கூட்டத்தில் யார்மேலாவது அருள் வந்துவிட்டால் அழைப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும். என்ன வேண்டும் தாயே என்று கேட்க வேண்டும். வாக்கு வாங்கிக்கொண்டு, கடைசியில் தாலாட்டுப் பாடி அம்மனை மலையேற்றி, அதாவது வழியனுப்பி விட வேண்டும். வந்த பிறகும் அழைத்தால் அந்த உடம்பு தாங்காது.

மலர்க்கொடியின் தொண்டை போய்க்கொண்டிருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பம்பை. பின்னால் ஜெனரேட்டர். நம் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஜனங்களைப் பார்த்து நிற்கும். பாடுகிறவருக்குத் தன் குரல் மட்டும் கேட்காது. கேட்காவிட்டால் மனிதர் கத்தத்தான் செய்வார். காலடியில் மானிட்டர் பாக்ஸ் வைத்துப் பார்த்தேன். பம்பைக்கு மேலே கேட்கிற அளவுக்கு ஏற்றினால் மைக் கூவியது. ஓர் ஆடியில் உச்சிப்பொழுதுக்குள் அவர் குரல் காற்றாக மட்டும் வந்தது. கள்ளக்குறிச்சி டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண் வீங்கியிருக்கிறது, இப்படியே கத்தினால் ஒருநாள் போன குரல் திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

நேராக என் கடைக்கு வந்தார் மலர்க்கொடி.

"பாடாதன்னா வூட்ல அடுப்பு எரியாது. கத்தாம பாடுன்னு டாக்டரு சொல்றாரு. அது எப்டின்னு கேட்டா அவருக்கும் தெரியல. உனக்குத் தெரியுமாண்ணா?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தாமல் பாட வேண்டுமானால் அவர் குரல் அவர் காதுக்குப் போக வேண்டும்.

முதலில் தனசேகர் தன் யோசனைப்படி செல்போனுக்கு மாட்டும் புளூடூத் வாங்கி வந்தார். கடை வாசலில் வைத்துப் பார்த்தோம். மலர்க்கொடி இரண்டு அடி பாடினார், நிறுத்தினார், புருஷனை முறைத்தார்.

"இன்னாய்யா, திருநாவலூர்ல நின்னுகினு அடிக்கிறியா?"

"உன் பக்கத்துலதான்டி நிக்கிறேன். கண்ணாலம் ஆனதுலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்."

அவர்மேல் தப்பில்லை. பாட்டுக் கேட்பதற்குச் செய்த பொருள் அது. அடி விழுந்து கொஞ்சம் கழித்துத்தான் காதுக்குப் போகும். சும்மா கேட்கிறவருக்கு அது தெரியாது. பாடுகிறவருக்குத் தாளம் காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். செட் வாங்கும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான். கடைக்காரர் போட்டுக் காட்டும் சினிமாப் பாட்டை நம்பாதீர்கள். உங்கள் பாடகர் எந்த வாத்தியத்தோடு பாடுகிறாரோ அந்த வாத்தியத்தைக் கடைக்கே கொண்டுபோங்கள்.

நாங்கள் கொண்டுபோனோம். சென்னையில் ஏசி போட்ட ஷோரூம். தனசேகர் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு அடித்தார். கிடார் வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். விற்பனைக்காரர் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்தோ என்னவோ, இருந்த எல்லா மாடலையும் பிரித்துக் காட்டினார்.

விலை கம்மியானதில் இரண்டு வகை தேறியது. ஒன்று, செல்போன் வைஃபை ஓடும் அதே அலையில் ஓடுவது. கடையில் கண்ணாடி மாதிரிக் கேட்டது. ஆனால் கூழ் ஊற்றும் இடத்தில் ஊரே செல்போனைத் தூக்கி லைவ் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நெரிசலில் இதுவும் சேர்ந்து ஓடினால் விட்டு விட்டுக் கேட்கும் என்று ஒதுக்கினேன். இன்னொன்று பழைய ரேடியோ முறை. பின்னால் லேசாக இரைச்சல் உண்டு; ஆனால் தாமதம் இல்லை, தூரமும் தாங்கும். காதில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு, அனுப்பும் பெட்டியை அணைத்துப் பார்த்தேன். சில செட் அப்போது திடீரென்று இரையும். காதில் இருந்தால் காது போயிற்று. இது சத்தமில்லாமல் அடங்கியது. பென்சில் பேட்டரி போடுவதாகப் பார்த்தேன். மலை ஊர்களுக்குப் பாடப் போனால் சார்ஜ் போட இடம் தேட முடியாது, பென்சில் பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கும். செட்டோடு வரும் காதுமுனையை நம்பாமல், காது ஓட்டைக்குப் பொருந்துகிற ஸ்பாஞ்ச் முனை தனியாக வாங்கினேன்.

செட்டோடு வந்த புத்தகத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் ஊருக்கு வந்த பிறகு தெரிந்தன. காதுக்கு மேலே சுற்றி வரும் ஒயர் மலர்க்கொடியின் தோட்டு மாட்டலில் சிக்கியது. மாட்டலைக் கழற்ற மாட்டேன் என்றார், ஒயரைக் கீழ்ப்பக்கமாக விட்டோம். கூழ் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். இடுப்பில் செருகும் பெட்டியை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினோம்.

களமருதூர்க் கோயிலிலேயே முதல் பாட்டு. இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது என் கொரலாண்ணா?"

ஆமாம் என்றேன். மறுபடி ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும், என் குரலும் பம்பையும் மட்டும் கொடு, வேறு எதுவும் காதுக்கு வேண்டாம் என்று கேட்டார். அப்படியே கொடுத்தேன். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பீர்கள்.

அந்த ஆடியிலேயே கல்வராயன் மலையில் ஒரு கூழ் ஊற்றும் விழா. வெள்ளிமலை தாண்டிப் போக வேண்டும். கம்பும் சாமையும் விளைகிற ஊர். மலர்க்கொடி வருஷா வருஷம் பாடுகிற இடம். எப்போதும் கூழ்ப்பானைக்குப் பக்கத்தில், தரையில், ஜனங்களோடு நின்றுதான் பாடுவார். அருள் வருகிறவரின் முகம் அவர் முகத்துக்கு நேரே இருக்கும். இந்த முறை ஊர் இளவட்டங்கள், ஒயர்தான் இல்லையே, அக்கா மேலே நின்றால் எல்லோரும் பார்க்கலாம், வீடியோவும் நன்றாக வரும் என்று சொல்லி ஒரு டிராக்டர் டிரெய்லரை வேப்பிலை கட்டி மேடையாக்கி வைத்திருந்தார்கள். அவரும் ஏறி நின்றார். பம்பை கீழே பானைக்குப் பக்கத்தில் நின்றது. நடுவில் ஊரே நின்றது.

அந்த ஊரில் அருள் வருவது காளியம்மாளுக்கு. பூசாரியின் அக்கா. அறுபதைத் தாண்டியவர். விரதம் இருந்து, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து வந்து நிற்பார்.

மலர்க்கொடி அழைக்க ஆரம்பித்தார். நான் கேட்டதிலேயே அன்றைக்குப் பாடியதுதான் நல்ல பாட்டு. தன் குரல் தனக்குக் கேட்கிற சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வர்ணிப்பிலேயே காளியம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. குலவை போட்டார்கள். மலர்க்கொடி அழைத்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு அடிக்கும் காளியம்மாள் ஆடினார். முழங்கால் மடிந்து விழுந்தார். அடுத்த அடியில் யாரோ தூக்கி நிறுத்தியது மாதிரி எழுந்தார். மறுபடி விழுந்தார். ஜனங்கள் நிறுத்து நிறுத்து என்று கத்தினார்கள். மேலே நின்றவருக்கு அது ஆரவாரமாகக்கூடக் கேட்டிருக்காது. காதை ஸ்பாஞ்ச் அடைத்திருந்தது. தனசேகர் கத்திப் பார்த்தார்; பம்பை மைக்கில் அடிக்கு மேலே அவர் குரல் ஏறவில்லை. அடிப்பதை அவரால் நிறுத்த முடியாது. அழைப்பு நடக்கும்போது பம்பை நின்றால் வந்த அம்மனைக் கீழே போட்டதாகும். ஏறிப்போய்த் தோளைத் தொடலாமே என்று நினைப்பீர்கள். காப்புக் கட்டி வர்ணிப்பு பாடுகிறவரை நடுவில் தொட அந்த ஊரில் யாருக்கும் கை வராது. எனக்கும் வராது.

நான் தார்ப்பாய்க்குக் கீழே மிக்ஸர் முன்னால் இருந்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மெயின் ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். ஊருக்குத்தான் சத்தம் நிற்கும். அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், அவரும் பாடிக்கொண்டே இருப்பார். காது செட்டை அணைத்தால், பழுதாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கத்தி அழைப்பார். என் முன்னால் ஒரு மைக் இருந்தது, அதில் பேசினால் அவர் காதுக்குப் போகும்படி வைத்திருந்தேன். அதை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அம்மனை அழைத்துக்கொண்டிருக்கிற காதுக்குள் ஓர் ஆம்பிளைக் குரல் திடீரென்று புகுந்தால் அவர் யாரென்று நினைப்பார்? பயத்தில் பாட்டு உடைந்தால், அங்கே ஆடுகிற உடம்பை யார் இறக்கி விடுவது? நிறுத்துவது மட்டும் போதாது தம்பிகளே. அவர் புரிந்துகொண்டு, முறைப்படி மாற்றிப் பாட வேண்டும்.

காளியம்மாளுக்குப் பக்கத்தில் ஊர்க்கவுண்டர் நின்றிருந்தார். யார் யார் கூழுக்குக் கம்பு கொடுத்தார்கள் என்று அறிவிப்பதற்காக அவர் கையில் ஒரு கார்ட்லெஸ் மைக் கொடுத்திருந்தேன். அது ஆனில்தான் இருந்தது. கைதான் செய்வதறியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மைக் ஸ்பீக்கருக்குப் போகும் வழியை அடைத்தேன். மலர்க்கொடியின் காதுக்குப் போகும் வழியை முழுதாகத் திறந்தேன். அவர் குரலை அவர் காதில் பாதியாக இறக்கினேன். என் ஹெட்போனில் கேட்டது, முதலில் மூச்சு. பிறகு காளியம்மாளின் குரல்.

"வந்துட்டன்டி. வந்து நிக்கிறன்டி. இன்னும் ஏன்டி இழுக்குற?"

மலர்க்கொடி கண்ணைத் திறந்தார். அவர் நின்ற நிலையிலேயே கை கூப்பியதைப் பார்த்தேன். அதே தாளத்தில், அதே மூச்சில், வந்த தாயே என்ன வேணும் என்று பாட்டைத் திருப்பினார். பம்பையும் திரும்பியது. மஞ்சள் தண்ணீர் கொடுத்தார்கள். தாலாட்டுப் பாடி மலையேற்றும்போது அவர் செட்டைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டிருந்தார். கத்தித்தான் பாடினார்.

காளியம்மாள் எழுந்து உட்கார்ந்து மோர் குடித்தார். குடித்த பிறகு பூசாரி பேசினார்.

"காத அடச்சிகினு அம்மனக் கூப்புடறவ இந்த மலைக்கு வேணாம்."

மலர்க்கொடி செட்டை என் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு எந்த ஊரிலும் அவர் அதை மாட்டவில்லை. ஆடி முடிவதற்குள் குரல் மறுபடி காற்றாகிவிட்டது. தனசேகர் வந்து கடையில் உட்கார்ந்தார். வீட்டில் சைகையில்தான் பேசுகிறாள், சண்டை போடக்கூட முடியவில்லை என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ஒரு காதில் மட்டும் மாட்டச் சொன்னேன். நீங்களும் முதலில் அதைத்தான் சொல்வீர்கள், நிறையப் பாடகர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கோயில் வாசலில் ஒருநாள் வைத்துப் பார்த்தோம். திறந்த காதில் பம்பை அடிக்க, அடைத்த காதில் இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொண்டையைக் காப்பாற்றப் போய்க் காதைக் கொடுத்துவிட்டு வருவதற்கா இதெல்லாம்? வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் பிரதோஷத்தில் நந்தியின் காதில் ஜனங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் குறையைச் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷமாகப் பார்ப்பதுதான். சுவாமி கருவறைக்குள் இருக்கிறார். வெளியே இருப்பதைக் கேட்க அவர் வாசலில் ஒரு காது வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் பட்டது. மலையில் அவசரத்துக்கு ஊர்க்கவுண்டர் கை மைக்கை வைத்துச் செய்ததை, ஆரம்பத்திலிருந்தே முறையாகச் செய்திருக்க வேண்டியதுதான்.

ஊர்ச் சத்தத்துக்கென்று தனியாக ஒரு மைக் வாங்கினேன். அது ஸ்பீக்கருக்குப் போகாது. பாடுகிறவர் காதுக்கு மட்டும் போகும். இரண்டு காதும் அடைத்திருக்க, தன் குரலும் பம்பையும் அதற்குப் பின்னால் ஊரும் கேட்கும். இதற்கு விலை உயர்ந்த மைக் வேண்டாம். உங்களிடம் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், காது செட்டில் ஒரு படி இறங்கி வாங்குங்கள். இந்த மைக்கை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

மலர்க்கொடியைச் சம்மதிக்க வைக்க நாளாயிற்று. மலைக்காரர்கள் சம்மதிக்க அடுத்த ஆடி வந்தது. அவருக்குப் பதிலாக வேறு யாரையோ அழைத்துப் பார்த்திருக்கிறார்கள், சரிவரவில்லை. கடைசியில் ஊர்க்கவுண்டர் போன் செய்தார். நாங்கள் போனபோது டிரெய்லர் இல்லை. மலர்க்கொடி பழையபடி பானைக்குப் பக்கத்தில் தரையில் நின்றார். காளியம்மாள் நிற்கிற இடத்துக்கு மேலே வேப்பங்கிளையில் நான் அந்த மைக்கைக் கட்டினேன். மலர்க்கொடி செட்டைக் காதுக்குக் கொண்டுபோனார். பூசாரி கையை நீட்டித் தடுத்தார். போன வருஷம் பார்த்தது போதாதா என்று கேட்டார்.

மலர்க்கொடி செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மைக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஹெட்போனைக் கொடுத்து, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். பூசாரி வாங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கியது. காளியம்மாள். ஈரச் சேலையோடு நின்றவர், ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு தன் மூச்சைத் தானே கேட்டார். வேப்பிலை உரசுவதைக் கேட்டார். கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார்.

"எல்லாம் கேக்குதுடா. மாட்டட்டும் வுடு. இவ கொரலு போச்சின்னா, வந்தவள யாருடா திருப்பி அனுப்புவா? நீயா பாடுவ?"

பூசாரி ஒதுங்கிக்கொண்டார். அவர் பாடி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, பின்னால் சிரித்தார்கள்.

மலர்க்கொடி அழைத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. காளியம்மாளின் மூச்சு மாறியதை நான் ஹெட்போனில் கேட்டேன். குலவை வருவதற்கு முன்பே மலர்க்கொடி பாட்டைத் திருப்பிவிட்டார். காளியம்மாள் ஒருமுறைகூட விழவில்லை. வாக்குச் சொன்னார், மஞ்சள் தண்ணீர் வாங்கிக் குடித்தார், பூசாரி மடியில் தலை சாய்த்தார்.

பிறகு தாலாட்டு. அந்தத் தாலாட்டை அவர் பாடி நான் எத்தனையோ ஆடி கேட்டிருக்கிறேன். பம்பைக்கும் ஜெனரேட்டருக்கும் மேலே கத்திப் பாடுகிற தாலாட்டாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் குரலை இறக்கினார். தனசேகர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பம்பையை விரல் நுனியால் தட்டினார். மலர்க்கொடி இன்னும் இறக்கினார். ஸ்பீக்கரில் ஏற்றலாம் என்று என் கை போனது. முன்வரிசையில் ஒருவர் பின்னால் பேசுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்ததைப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

தாலாட்டு முடிவதற்குள் காளியம்மாள் தூங்கிவிட்டார்.